சித்திரப் படத்துக்கு ஓர் ஆய்வரங்கம்

“சித்திரப் படத்துக்குமா ஆய்வரங்கம்?” என்று விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் நகைத்தார். அவருக்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்சைச் சுட்டுவேன். பி. என். சர்க்கார் 1931இல் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் அங்கிருந்து 1934இல் ‘பீ பிரதர்ஸ்’ என்னும் சிறு படத்தை வெளியிட்டது. குணமய் பானர்ஜி இயக்கிய அப்படம் இந்தியாவின் தொடக்ககாலச் சித்திரப் படங்களுள் ஒன்று.

திரையில் நொடிக்கு 24 கட்டங்கள் ஓடும். ஓர் ஓவியத்தை இருமுறை படம்பிடித்தாலும் நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும்! படம் முடிந்தபின் அத்தாள்களைச் சீந்துவார் யார்? நியூ தியேட்டர்ஸில் 1940இல் பற்றிய தீ படச்சுருள்கள் பலவற்றையும் தின்றது. சுருளும் தாளும் போனால் பெயரும் ஆண்டுமே மிஞ்சும். வரைந்த முறை மிஞ்சாது.

ஆய்வரங்கம் இதற்குத்தான் வேண்டும். அமெரிக்காவில் ஹார்வி டெனராஃப் 1987இல் தோற்றுவித்த அசைவூட்ட ஆய்வுக் கழகம் 2016இல் சிங்கப்பூரில் மாநாடு கூட்டியது. இத்தகைய அரங்கில் பேராசிரியர் கட்டுரை படிப்பார். ஓவியரோ தம் பென்சில் தாள்களை ஓட்டிக்காட்டி, ஒரு நடை எங்கே தளர்ந்தது, எந்தத் தாளைச் செருகியதும் சீர்ப்பட்டது என்று விளக்குவார். கட்டுரையை மட்டும் கேட்டுக் கலையும் கூட்டம் எனக்குச் சலிப்பே.

கொல்கத்தாவிலேயே சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் அசைவூட்டத் துறை உண்டு. அங்கே அரங்கு கூட்டுவோர், டாலிகஞ்சின் பழங் கலைஞர் வீடுகளில் பரண்மேல் தாள்கள் கிடந்தால் அவற்றையும் கேட்டு வாங்கி வரட்டும்.