வளைந்த அலுமினிய உறுப்புகளைச் சீர் செய்யும் முறை

1950-களின் நடுப்பகுதியில் சென்னையில் புல்லட் மோட்டார் சைக்கிள்களின் தயாரிப்புத் தொடங்கிற்று. அவற்றுள் பழையன சில இன்றும் ஓடி வருகின்றன. இவற்றின் எஞ்சினுக்கு இடப்புறத்தில் சங்கிலியையும் கிளட்சையும் மூடும் அலுமினிய மூடி ஒன்று உண்டு. நடுவிலுள்ள ஒரே நட்டு அதனைப் பிடித்திருக்கிறது. வண்டி இடப்பக்கமாக விழுந்தாலும், நட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் மூடி கோணிவிடும். அப்பொழுது எண்ணெய் ஒழுகும். எண்ணெயின்றிச் சங்கிலி விரைவில் தேய்ந்துவிடும்.

இத்தகைய மூடியைப் பட்டறையில் இரும்பைப்போல் அடித்து நிமிர்த்தினால் அது உடைந்துவிடக்கூடும். வார்ப்பு அலுமினியம் குளிர்ந்த நிலையில் எளிதில் வளைந்து கொடுக்காது. மேலும், இரும்பு காய்ந்தால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியமோ பார்வைக்குப் பெரிதும் மாறாமலே இருந்து திடீரென உருகிவிடும். தூய அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். வார்ப்புக் கலவைகள் அதற்கு முன்னரே இளகத் தொடங்கும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை யாவை? முதலில் மூடியைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கு நீங்கக் கழுவ வேண்டும். பின்னர் மண்ணெண்ணெய் தடவி, நன்கு துடைத்து, சுண்ணாம்புக் கட்டியின் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருப்பின் பொடியில் ஈரக்கோடு தோன்றும். விரிசல் கண்டால் நிமிர்த்த முயலாமல், ஆர்கான் வெல்டிங் அறிந்தவரிடம் கொடுப்பதே தக்கது.

விரிசல் இல்லையெனில், தடித்த கண்ணாடிப் பலகையின்மேல் மூடியை வைத்து, எந்த இடத்தில் இடைவெளி உள்ளது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியை அகற்றிய பின், வளைந்த இடத்தில் சோப்பைத் தேய்த்து, மூடி முழுவதையும் சீராகச் சூடாக்க வேண்டும். சோப்பு பழுப்பு நிறம் அடைந்தவுடனே தீயை விலக்கிவிட வேண்டும். அதற்கு மேல் சூடாக்கலாகாது. பின்னர் மரக்கட்டைகளுக்கிடையே வைத்து, கவ்வியால் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். ஒரே முறையில் நிமிர்த்த முயலாது, ஆறியதும் மீண்டும் சூடாக்கிச் சிறிது சிறிதாக நிமிர்த்துவதே நன்று. நீர் ஊற்றிக் குளிர்வித்தல் கூடாது; தானே ஆற விட வேண்டும். இறுதியில் எஞ்சும் சிறு மேட்டினைக் கண்ணாடியின்மேல் விரித்த மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யலாம்.

எஞ்சினின் அச்சைத் தாங்கும் பெட்டியை இம்முறையில் தொடலாகாது. அதன் தாங்கி இருக்கைகள் சிறிது விலகினாலும் எஞ்சின் கெடும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால், ஓரிடத்தை மட்டும் காய்ச்சினால் பெட்டியின் அளவே மாறிவிடும்.

நம் ஊர்ப் பட்டறையில் பழகும் இளைஞர்களுக்கு இம்முறையைக் கற்பிக்கப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் துணையை நாடலாம். பொறுமையோடு செய்தால், எறிந்துவிட வேண்டிய உறுப்பு மீண்டும் பல்லாண்டு உழைக்கும்.