டி.எஸ்.எச். நார்மல் என்றால் தைராய்டு இல்லையா?

ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது, விரல் நடுங்குகிறது, மாதாமாதம் எடை குறைகிறது. தூக்கம் போதவில்லை, ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். வியர்வைக்கு ஸ்ரீபெரும்புதூர் வெயில் இருக்கவே இருக்கிறது.

ரத்தம் கொடுத்துப் பார்த்தாலும், பெரும்பாலும் தைராய்டுக்காக முதலில் பார்ப்பது டி.எஸ்.எச். ஒன்றைத்தான். நார்மல் என்று வந்தால் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். மிக அரிதாகச் சிலருக்கு அந்த நார்மலே நோயின் தடயம்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி ஆர்டர் போடுகிறது, டி.எஸ்.எச்.தான் அந்த ஆர்டர். கழுத்திலுள்ள தைராய்டு, டி3, டி4 ஹார்மோன்களைத் தயாரிக்கும் லைன். சரக்கு தேங்கினால் ஆர்டர் நிற்க வேண்டும். பரவலாகக் காணப்படும் கிரேவ்ஸ் நோயில் லைன் தானாக ஓடும். ஆர்டர் நின்று, டி.எஸ்.எச். பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். சுரக்கும் கட்டி இருந்தாலோ, சரக்கு குவிந்து கிடந்தாலும் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் உலவும் ஃப்ரீ டி4 எகிறியிருக்கும்போது டி.எஸ்.எச். இறங்காமல் இருந்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் கட்டி இது. ரேடியோ இம்யூனோ அஸ்ஸே என்ற ஆய்வக முறையில் டி.எஸ்.எச். அளந்து இதை முதலில் நிரூபித்தது 1970இல். கிரேவ்ஸ் என்று நினைத்துத் தைராய்டை அறுத்தெடுத்தவர்களும், கதிரியக்க அயோடின் கொடுத்தவர்களும் உலகெங்கும் உண்டு. கொடுமை என்னவென்றால், ஹார்மோன் குறைந்ததும் கட்டி இன்னும் வேகமாக வளரக்கூடும். அது பார்வை நரம்பை அழுத்தினால் இரு பக்கமும் பார்வை மங்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவருக்கு அது எவ்வளவு ஆபத்து!

எடுத்தவுடன் ஸ்கேன் எடுப்பதும் சரியல்ல. ரத்தத்திலுள்ள சில எதிர்ப்பொருள்களும், முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் லேப் எண்களைப் புரட்டிவிடும். வேறு முறையில் மறுபடி சோதிக்க வேண்டும். தைராய்டு ஹார்மோனுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத பரம்பரைக் கோளாறிலும் இதே எண்கள் வரும் என்பதால், பெற்றோர், உடன்பிறந்தவர்களின் ரத்தமும் உதவும். டி.எஸ்.எச். மூலக்கூறின் ஒரு துண்டான ஆல்ஃபா சப்யூனிட்டை ரத்தத்தில் சோதித்த பிறகே எம்.ஆர்.ஐ. காரணம், எந்தத் தொல்லையும் தராத சிறு பிட்யூட்டரி கட்டிகள் பலருக்கும் இருக்கின்றன.

உறுதியானால், பெரும்பாலும் மூக்கு வழியாகவே கட்டியை எடுத்துவிடலாம். ஆக்ட்ரியோடைட் போன்ற ஊசிகளும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலூர் சி.எம்.சி.யில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

படபடப்பும் எடைக் குறைவும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியிலோ கம்பெனி டாக்டரிடமோ, டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4-உம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.