முப்பது சதுர அடிக் கணக்கு

சின்னக் குளியலறையைத் திருத்திக் கட்டுவது டைல்ஸ் கடையில் தொடங்குவதில்லை. கிணற்றில், குழாயில், கதவில் தொடங்குகிறது. திருவனந்தபுரத்தின் குட்டி வீடுகள் சொல்லும் பாடம் இது.

ஏழரை அடி நீளம், நாலு அடி அகலம். ஒரு கட்டிலைப் போட்டால் மிச்சம் நடக்க வழி இருக்காது. ஆனால் இந்த முப்பது சதுர அடிக்குள்தான் ஒரு குடும்பமே காலையில் ஒருவர்பின் ஒருவராகக் குளித்து, பல் துலக்கி, துணி அலசி, வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்ப வேண்டும். எழுபது வயதுப் பாட்டியும் நடு இரவில் எழுந்து விழாமல் போய் வர வேண்டும். வீட்டிலேயே மிகச் சிறிய அறை இதுதான். மிகச் சிக்கலான அறையும் இதுதான்.

முப்பது சதுர அடி என்பது யாரோ ஒரு கொத்தனார் வாய்க்கு வந்தபடி சொன்ன அளவல்ல. குளியலும் கழிப்பிடமும் ஒன்றாக உள்ள அறை 2.8 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அடிக் கணக்கில் அது சுமார் முப்பது சதுர அடி, நாலு அடி அகலம். கழிப்பறை மட்டும் தனியாக என்றால் 1.1 சதுர மீட்டர் போதும். சிறிய வீட்டைத் திருத்துகிறவர்களுக்கு இந்தக் குறைந்தபட்சமே பல நேரங்களில் எட்டாத ஆடம்பரமாக இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இந்தப் பிரச்சினைக்குப் பல முகங்கள். கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதி அக்ரஹாரங்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. இரு பக்கமும் பொதுச் சுவர். முன்னால் தெரு, பின்னால் கொல்லை. பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. நகரின் விளிம்புகளிலோ மூன்று சென்ட், நாலு சென்ட் மனைகளில் வீடுகள். அந்தக் காலத்துக் கேரள வீட்டில் குளிக்கக் குளம் இருந்தது, குளத்தருகே குளிப்புரை இருந்தது. கழிப்பிடம் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தது. குளம் தூர்ந்தது, மனை சுருங்கியது. எல்லாம் வீட்டுக்குள் வந்து விட்டன. அறை மட்டும் பெரிதாகவில்லை.

பேக்கரின் நகரம்

சிறிய இடத்தை எப்படி யோசிப்பது என்பதை இந்த நகரத்துக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த லாரி பேக்கர். 1945இல் தொழுநோய் மருத்துவமனைகளுக்குக் கட்டட வேலை பார்க்க இந்தியா வந்தவர், மலையாளி டாக்டரான எலிசபெத்தை மணந்து, இமயமலை அடிவாரத்துப் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1970 வாக்கில் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார். 1990இல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரலில் இதே நகரில் மறையும்வரை நாலாஞ்சிறைப் பாறை மேட்டில் தன் கையால் வளர்த்த வீட்டில்தான் இருந்தார்.

உள்ளூரில் பொருளாதார வல்லுநர் கே.என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் பேக்கர் கட்டியது. தம்பானூர் பஸ் நிலையத்தருகே சிவப்புச் செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸும் அவருடையதுதான். சரிவுப் பாதையில் மேசைகள் ஏறிக்கொண்டே போகும். தண்ணீரும் குழாயும் தேவைப்படும் வசதிகளை நடுவிலுள்ள சின்ன வட்டத் தண்டுக்குள் அடக்கி, வெளிச்சமும் காற்றும் வரும் வெளிச்சுவரை முழுக்கச் சாப்பிட வருபவர்களுக்கு விட்டு விட்டார். முக்கியமில்லாத இடம் என்று எதையும் ஒதுக்காமல், எல்லாவற்றுக்கும் சரியான மூலையைத் தேடுவது அவர் பாணி.

சி. அச்சுத மேனன், கே.என். ராஜ், டி.ஆர். சந்திரதத் ஆகியோருடன் சேர்ந்து 1985இல் அவர் தொடங்கிய ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பு அவருடைய சிறு கையேடுகளை வெளியிட்டது. பேக்கரே வரைந்த கேலிச் சித்திரம் போன்ற படங்கள், அவர் கையெழுத்து. செங்கல், சுவர், ஜன்னல், கூரை என்று ஒவ்வொன்றையும் பார்த்து ‘இது அவசியம்தானா?’ என்று கேட்கச் சொன்னார். நகரின் கரிமடம் காலனியில் குடிசைகளுக்குப் பதிலாகக் குடியிருப்புகள் எழுப்பியதும் காஸ்ட்ஃபோர்டுதான். அங்கே வீட்டுக்குள் ஒரு கழிப்பறை என்பது சௌகரியம் மட்டுமல்ல; பெண்களுக்கு அது மானப் பிரச்சினை.

முதலில் கிணறு

குளியலறையைத் திருத்த நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது குளியலறையை அல்ல, கொல்லையை. கேரளத்தில் வீட்டுக்கு ஒரு கிணறு என்பது வழக்கம். குடிநீர்க் கிணற்றிலிருந்து ஏழரை மீட்டர் சுற்றளவுக்குள் செப்டிக் டாங்கோ, மலக்குழியோ தோண்டக் கூடாது என்றன 1999ஆம் ஆண்டின் கேரள நகராட்சிக் கட்டட விதிகள்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். ஏழரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 176 சதுர மீட்டருக்கும் அதிகம். சென்ட்டில் சொன்னால் நாலேகாலுக்கு மேல். அதாவது, மூன்று சென்ட் மனையின் நட்ட நடுவில் கிணறு இருந்தால், அந்த மனையில் மலக்குழிக்கு இடம் தேடுவது ஏறக்குறைய நடக்காத காரியம். மூலையில் கிணறு இருந்தால் எதிர் மூலை கிடைக்கலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு இருக்குமே!

ஆகவே குழி எங்கே என்பதுதான் முதல் கேள்வி. குழி இருக்கும் பக்கம்தான் கழிப்பறை. பாதாளச் சாக்கடை உள்ள தெருக்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே கழிவு முட்டத்தறை சுத்திகரிப்பு நிலையம் நோக்கிப் போகிறது. ஆனால் நகரம் முழுவதற்கும் அந்தப் பாக்கியம் இல்லை. இணைப்பு இல்லாத வீட்டில் புதிதாக இன்னொரு கழிப்பறை சேர்ப்பதற்குமுன், பழைய குழி அந்தச் சுமையைத் தாங்குமா என்று திறந்து பார்ப்பது உத்தமம். பளபளக்கும் டைல்ஸுக்குக் கொடுக்கும் பணம் கிணற்றைக் காப்பாற்றாது.

குழாய் சொல்வதைக் கேட்க வேண்டும்

அடுத்தது கோப்பையின் இடம். ‘இதை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி விடலாம்’ என்று சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். கழிவு செல்லும் நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிவு வேண்டும். பத்து அடி தள்ளிப் போனால் மூன்று அங்குலம் இறங்க வேண்டும். தரைத்தளத்தில் தோண்டிக் கொள்ளலாம். மாடியில் என்றால் தளத்தின்மேல் மேடை எழுப்ப வேண்டும். அறைக்குள் படி ஏறி இறங்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்த ஒரு படியே எலும்பு முறிவுக்கு அழைப்பிதழ். கோப்பையை இருந்த இடத்திலேயே விட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி நகர்த்துவதே புத்திசாலித்தனம்.

கடைக்குப் போகுமுன் இன்னொரு அளவும் தேவை. சுவரிலிருந்து தரைக் குழாயின் நடுப்புள்ளி எத்தனை அங்குலத்தில் இருக்கிறது? கழிவு தரை வழியாகப் போகிறதா, சுவர் வழியாகவா? இந்த இரண்டும் தெரியாமல் வாங்கிய யூரோப்பியன் கோப்பை பொருந்தாமல், பொருத்துவதற்காகத் தரையை உடைத்த கதைகள் பிளம்பர்களிடம் ஏராளம்.

தண்ணீர்க் குழாய்களை நாலு சுவருக்கும் இழுக்காமல் ஒரே சுவரில் அடக்குவது அடுத்த சிக்கனம். வாஷ்பேசின், கோப்பை, குளியல் குழாய் மூன்றும் ஒரே பக்கம். அந்தச் சுவருக்கு மறுபுறம் சமையலறைத் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. குழாய் குறையும், இணைப்புகள் குறையும், கசிவும் குறையும்.

ஏழரை அடியைப் பங்கிடுவது

நாலு அடிக்கு ஏழரை அடி அறையில் கதவு குறுகிய சுவரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வரிசை இதுதான்: கதவருகே வாஷ்பேசின், நடுவில் கோப்பை, கடைசியில் ஜன்னலடியில் குளியல். நனையாத பகுதி முதலில், நனையும் பகுதி கடைசியில்.

வாஷ்பேசினுக்கு இரண்டு அடி, கோப்பைக்கு இரண்டரை அடி, குளிக்க மூன்று அடி. மொத்தம் ஏழரை. கோப்பை சுவரிலிருந்து சுமார் 27 அங்குலம் துருத்தி நிற்கும். மிச்சம் 21 அங்குலம் நடைவழி. ஓர் ஆள் வாளியோடு போகலாம். கதவு இரண்டரை அடி என்றால் அந்தச் சுவரில் மீதி ஒன்றரை அடி. அங்கே 14 அங்குலத்துக்கு மிகாத சின்ன வாஷ்பேசின் இடிக்காமல் நிற்கும்.

இந்த நாலு அடி டைல்ஸ் ஒட்டிய பிறகு உள்ள நாலு அடியாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள். பூச்சும் கலவையும் ஓடும் சேர்ந்து பக்கத்துக்கு ஓர் அங்குலம் வரை தின்று விடும். இரு பக்கமும் சேர்த்து இரண்டு அங்குலம். 21 அங்குல நடைவழி 19 ஆகி விடும்.

சுவரிலிருந்தும் இடம் திருடலாம். பாரம் தாங்காத தடுப்புச் சுவர் ஒன்பது அங்குலமாக இருக்க வேண்டியதில்லை. நாலரை அங்குலச் சுவர் போதும் இடங்களில் அதையே கட்டச் சொன்னவர் பேக்கர். ஒரு சுவரை இப்படி மெலிதாக்கினாலே அகலத்தில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு லாபம். ஆனால் மெல்லிய சுவரில் குழாய் பதிக்கக் காடி வெட்டினால் அது பலமிழக்கும். குழாயை வெளியில் தெரியும்படி ஓட்டுவதே நல்லது. பழைய சுவரை இடிக்குமுன் அது கூரையைத் தாங்குகிறதா என்று விஷயம் தெரிந்தவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பேக்கரின் இன்னொரு பிரியம் வட்டச் சுவர். முப்பது சதுர அடியை நீள்சதுரமாக வளைத்தால் 23 அடிச் சுவர் வேண்டும். வட்டமாக வளைத்தால் பத்தொன்பதரை அடி போதும். செங்கல் மிச்சம். ஆனால் இத்தனை சின்ன அறையில் கோப்பைக்கும் பேசினுக்கும் நேர்ச் சுவர் வேண்டியிருக்கிறது. எனவே முழு வட்டம் உதவாது. இடிபடும் ஒரு மூலையை மட்டும் வளைத்துக் கட்டினால் வெளியே நடைவழி விரியும்.

ஒன்றா, இரண்டா?

கூட்டுக் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி: குளியலையும் கழிப்பறையையும் பிரித்து விடலாமா? தேசிய விதித் தொகுப்பின் கணக்கில் தனிக் கழிப்பறை 1.1, தனிக் குளியலறை 1.8, ஆக 2.9 சதுர மீட்டர். சேர்த்துக் கட்டுவதைவிட அதிகமில்லை போலத் தோன்றும். ஆனால் நடுவில் ஒரு சுவரும் இன்னொரு கதவும் வருகின்றன. காலையில் ஆறு பேர் வரிசையில் நிற்கும் வீட்டுக்கு இது வரம். இரண்டு முதியவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு இது வீண். அவர்களுக்கு ஒரே அறையில் அகலமாகத் திரும்பும் இடமே முக்கியம்.

கதவு என்னும் ஆபத்து

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம். இந்திய சராசரி 8.6. பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் வீட்டில் என்பது இங்கே சர்வ சாதாரணம். குந்தி உட்காரும் கோப்பையை மாற்றி யூரோப்பியன் வைப்பதற்காகவே பல குளியலறைகள் உடைக்கப்படுகின்றன. கோப்பையை மாற்றியவர்கள் கதவை மறந்து விடுகிறார்கள்.

உள்நோக்கித் திறக்கும் இரண்டரை அடிக் கதவு சுழலும்போது ஏறக்குறைய ஐந்து சதுர அடியை விழுங்குகிறது. அறையில் ஆறில் ஒரு பங்கு! அதைவிட மோசம், உள்ளே ஒருவர் விழுந்து விட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக் கொள்ளும். வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. கதவு வெளிநோக்கித் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். இந்த மாற்றத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. காப்பாற்றுவது ஓர் உயிராக இருக்கலாம்.

கோப்பைக்கும் குளியலுக்கும் நடுவே மூன்றடி உயரத்தில் ஒரு அரைச்சுவர் கட்டினால் இரட்டை லாபம். கைப்பிடிக் கம்பியை அதில் பதிக்கலாம். குளிக்கும் தண்ணீரும் இந்தப் பக்கம் தெறிக்காது. குளிக்கும் இடம் மூன்றடியிலிருந்து இரண்டரை அடிச் சொச்சமாகச் சுருங்கும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குளிப்பவருக்கு அது போதும். உட்காரும் உயரம் சுமார் 18 அங்குலம் இருந்தால் எழுந்திருக்க முழங்கால் கெஞ்சாது. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். நாலடி அறையில் அது நடக்காது. அப்படிப்பட்டவர் வீட்டில் பக்கத்து அறையிலிருந்து இடம் எடுப்பதைத் தவிர வழியில்லை.

ஈரம் போக வழி

தென்மேற்குப் பருவமழை ஜூனில் வரும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். இரண்டையும் வாங்கிக் கொள்ளும் நகரம் திருவனந்தபுரம். துணி காயாத மாதங்களில் குளியலறைச் சுவர் மட்டும் எப்படிக் காயும்? கண் உயரத்துக்கு மேலே பேக்கர் பாணியில் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர் இருந்தால் மறைவும் கிடைக்கும், காற்றும் கிடைக்கும். கதவின் அடியில் ஓர் அங்குல இடைவெளி விட்டால் கீழிருந்து நுழையும் காற்று மேலே ஈரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பக்கச் சுவர் பொதுவாக உள்ள அக்ரஹார வீடுகளில் கூரைதான் கதி. ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பகல் முழுக்க விளக்கை மிச்சப்படுத்தும். காற்றுக்கு முற்றத்துப் பக்கம் ஒரு வென்டிலேட்டர் வேண்டும்.

தரைச் சரிவு கதவிலிருந்து எதிர்க்கோடியை நோக்கி, ஏழரை அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டும். தண்ணீர் வடியும் ட்ராப் குளிக்கும் மூலையில் இருக்க வேண்டும், கதவருகே அல்ல. டைல்ஸ் ஒட்டுவதற்குமுன் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தால் சரிவின் லட்சணம் தெரிந்து விடும். ஒட்டிய பிறகு தெரிந்து பயனில்லை. வழவழப்பான தரை ஓடு கடையில்தான் அழகு. ஈரக்காலுக்குச் சொரசொரப்பானதே வேண்டும்.

பேக்கர் காகித வரைபடத்தைவிட மனையில் நின்று முடிவெடுப்பதை விரும்பியவர். சின்னக் குளியலறைக்கும் அதுவே சரி. திண்ணையிலோ மொட்டை மாடியிலோ சாக்கட்டியால் நாலு அடிக்கு ஏழரை அடிக் கட்டம் போட்டு, கோப்பை இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டூலும் பேசின் இடத்தில் ஓர் அட்டைப் பெட்டியும் வைத்து, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் வாளியோடு உள்ளே நடக்கச் சொல்லலாம். முக்கியமாக, வீட்டிலேயே வயதில் மூத்தவரை. அவர் எங்கே கையை ஊன்றுகிறாரோ அங்கே கைப்பிடி. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே கோட்டை அழித்துப் போட வேண்டும். சாக்கட்டிக் கோட்டை அழிக்கக் காசு ஆகாது.