ஒரு புள்ளி, இரண்டு வாசிப்பு: சிவிஇ-2021-40539

பாஸ்வேர்டு மறந்தவர்களுக்காக எழுதிய மென்பொருள், பாஸ்வேர்டே இல்லாதவர்களை உள்ளே விட்ட கதை இது. நடந்தது 2021-ல். மென்பொருள் நம்ம ஊர்ச் சரக்குதான்: சென்னை ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கும் 'ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ்'. பாஸ்வேர்டு மறந்துபோன ஊழியர் ஐடி ஆளைத் தேடாமல் தானே மாற்றிக்கொள்ள உதவுவது இதன் வேலை. வீட்டிலிருந்தும் மாற்ற வேண்டுமே, அதனால் பல இடங்களில் இதை இணையத்துக்குத் திறந்தே வைத்திருப்பார்கள். உள்பக்கமோ, நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியோடு பேசும். வாசலில் நிற்பவர் கையிலேயே சாவிக்கொத்து.

ஓட்டையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு பாதை இருக்கும். '/ரெஸ்ட்ஏபிஐ/' என்று தொடங்கும் பாதை வந்தால், 'நீ யார், லாகின் ஆகிவிட்டாயா' என்று ஒரு வடிகட்டி விசாரிக்க வேண்டும். அது பாதையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தது. தாக்கியவர்கள் அனுப்பியது '/./ரெஸ்ட்ஏபிஐ/'. பாதையில் ஒற்றைப் புள்ளிக்கு 'இதே இடம்' என்று பொருள். ஆக இரண்டும் ஒரே முகவரிதான். ஆனால் வடிகட்டிக்கு எழுத்து பொருந்தவில்லை. 'நம்ம வேலை இல்லை' என்று விட்டுவிட்டது. அடுத்து நின்ற சர்வர் புள்ளியைச் சுருக்கி, சரியான இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேனிடம், "ஆபீசுக்குன்னு சொல்றவங்களை மட்டும் நிறுத்தி விசாரி" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர், "இங்கிருந்து அப்படியே ஆபீசுக்கு" என்கிறார். சொல்லிக்கொடுத்த வார்த்தையில் தொடங்கவில்லையே, விட்டுவிடுகிறார். ரோடு என்னவோ ஆபீசுக்குத்தான் போகிறது.

இதில் புள்ளியை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. புள்ளியைச் சுருக்கிய பிறகு ஒப்பிட்டிருந்தால் இந்தத் தாக்குதல் நின்றிருக்கும், உண்மைதான். ஆனால் 'இந்தப் பாதைகளை மட்டும் விசாரி' என்ற ஏற்பாடே பலவீனமானது. 'அனுமதித்தது தவிர எல்லாவற்றையும் நிறுத்து' என்று எழுதியிருந்தால், அடையாளம் தெரியாத பாதை கேட்டிலேயே நின்றிருக்கும்.

உள்ளே வந்தவர்கள் சான்றிதழ் போலப் பெயர் வைத்த ஒரு ஜிப் கோப்பை ஏற்றினார்கள். அதற்குள் இருந்தது வெப்ஷெல். சர்வர் அவர்கள் கைக்குப் போனது. தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. ஆகஸ்டிலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது. திருத்தத்தை ஸோஹோ செப்டம்பர் 6-ல், 6114-ஆம் பில்டாக வெளியிட்டது. செப்டம்பர் 16-ல் அமெரிக்காவின் சிசா, எஃப்பிஐ, கடலோரக் காவல்படை மூன்றும் சேர்ந்து எச்சரித்தன.

நவம்பர் 9-ல், அதாவது திருத்தம் வந்து இரண்டு மாதம் கழித்து, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வர்களுக்குள் இதே வழியாக நுழைந்தார்கள். தெரியவந்தது 2022 ஜனவரி 18-ல். எழுபது நாள்! உள்ளே இருந்தவை 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள்: போரிலும் பேரிடரிலும் இடம்பெயர்தலிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல்போனவர்கள், காவலில் இருப்பவர்கள். பிரிந்தவர்களைத் தேடிச் சேர்க்கும் அந்த அமைப்புகளையே உடனே இணையத்திலிருந்து துண்டிக்க வேண்டியதாயிற்று. ஆண்டுக்குப் பல்லாயிரம் பேட்ச்கள் போடுகிறோம், இதை நேரத்துக்குப் போடவில்லை என்று சங்கம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எமரால்டில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது சாதாரண டேட்டா கசிவாகக் கடந்துபோக முடியவில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் டான்டீ தோட்டங்களே வந்தன. அண்ணன் இந்தக் கரை, தங்கை அந்தக் கரை என்று பிரிந்த வீடுகள் இங்கே உண்டு. சொந்தத்தைத் தேடுகிறவர் ஒரு அமைப்பை நம்பிப் பெயர், ஊர், கடைசியாகப் பார்த்த இடம் எல்லாம் சொல்கிறார். யாரிடமிருந்தோ தப்பி ஓடியவராக இருந்தால், அதே மூன்று விவரம் துரத்துகிறவருக்கும் போதும். திருடிய விவரங்களை வெளியிட்டதாக அப்போது ஆதாரம் கிடைக்கவில்லை என்றார்கள். ஆனாலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒவ்வொருவராகத் தகவல் சொல்ல வேண்டியிருந்தது.

6114-க்கு முந்தைய பில்டு எங்காவது ஓடிக்கொண்டிருந்ததாகத் தெரிந்தால், அணுகல் பதிவுகளில் '/./ரெஸ்ட்ஏபிஐ', '/../ரெஸ்ட்ஏபிஐ' இரண்டையும் ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். ஒரு வரி சிக்கினாலும் பேட்ச் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. வெப்ஷெல் ஏற்கனவே உட்கார்ந்திருக்கலாம். அந்தச் சர்வரைத் துண்டித்துப் புதிதாக நிறுவ வேண்டும். டொமைனில் உள்ள எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தை இதே மென்பொருள் வழியாகச் செய்துவிடாதீர்கள்.