ஓசையை நீட்டும் கால்மிதி

தோட்டப்புறப் பள்ளிகளிலும் கோயில் பஜனைகளிலும் கீபோர்டு எனப்படும் மின்னிசைக் கருவி இன்று இடம் பெற்றுவிட்டது. அதனுடன் இணைக்கப்படும் சிறு கால்மிதிக்குச் 'சஸ்டெயின் பெடல்' என்று பெயர். பயிலும் மாணவர் விரல்களைப் பற்றிக் கேட்பரேயன்றி இம்மிதியைப் பற்றிக் கேட்பது அரிது. அது முறையாக அமையாதபோது ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகும். கருவி பழுதென்று எண்ணிப் பெற்றோர் கடைக்குத் தூக்கிச் செல்வர். பால்வெட்டிச் சேர்த்த பணம் வீணாகும். பிள்ளைக்கே இசை வரவில்லை என்று பயிற்சியை நிறுத்திவிடுவாரும் உளர். ஆகவே இதனை விளக்கக் கருதினோம்.

இம்மிதியின் தாய்வீடு பியானோ. இத்தாலி நாட்டுக் கிறிஸ்தோபோரி என்பார் 1700ஆம் ஆண்டளவில் அக்கருவியை உருவாக்கினார். கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். விரலை எடுத்ததும் கம்பளித் துண்டு பொருத்திய அடக்கி கம்பியின்மேல் அமர்ந்து ஓசையை நிறுத்தும். வலப்புற மிதியை மிதித்தால் அடக்கிகள் யாவும் ஒருங்கே மேலெழும். கம்பிகள் தாமே ஓயும்வரை ஒலிக்கும். கோயில் மணியை அடித்துக் கையை எடுத்துவிடுவதற்கும், அடித்தவுடன் மணியைப் பற்றிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடே இது.

கீபோர்டிலோ கம்பியும் இல்லை, அடக்கியும் இல்லை. அங்கே மிதி என்பது ஒரு மின் சுவிட்சுதான். மிதித்தாயிற்று, விட்டாயிற்று என்னும் இரண்டு செய்திகளையே அது சொல்லும். அரைமிதியையும் உணரும் கருவிகள் உள்ளன. தொடக்கப்பள்ளிக்கு அவை வேண்டா என்பது நம் கருத்து.

பெரும்பாலான தொல்லை இச்சுவிட்சிலிருந்தே எழுகிறது. ஒருவகை மிதியில், மிதிக்கும்போது மின்சுற்று இணையும். மற்றொரு வகையில், மிதிக்கும்போது பிரியும். கருவிக்குப் பொருந்தாத வகையைச் செருகினால், கால் வைக்காதபோது ஓசை நீண்டு, மிதித்தால் அறுந்துபோகும். இது பழுதன்று. மிதியின் அடியிலோ பக்கத்திலோ சிறு மாற்றுவிசை இருப்பின் அதனை மறுபுறம் தள்ளினால் போதும். இல்லையேல் கருவியை அணைத்து, மிதியைச் செருகி, காலை நன்றாக விலக்கிக்கொண்டு மீண்டும் இயக்குக. கருவிகள் பல, மின்னோட்டம் பெறும் அந்நொடியில் மிதி எந்நிலையில் உள்ளதோ அதனையே 'விட்ட நிலை' என்று கொள்ளும். அவ்வேளை ஒரு மாணவரின் பாதம் மிதியின்மேல் இருந்துவிட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும்! நெருக்கமான மேசையடியில் இவ்வாறு நிகழ்வதில் வியப்பில்லை.

செருகும் துளையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காதொலிக் கருவிக்கான துளையும் அதே அளவினதாக இருக்கலாம். அதில் மிதியைச் செருகினால் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும்.

முகப்பிலுள்ள 'சஸ்டெயின்' பொத்தான் வேறு. அதனை இயக்கினால், விரலை எடுத்த பின்னும் ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு சிறு வால் தொடரும். காலால் அதை அடக்க இயலாது. மிதியைப் பயிலும்போது அப்பொத்தானை அணைத்து வைத்தல் நன்று.

கருவியில் தேர்ந்தெடுக்கும் குரலும் கவனிக்கத்தக்கது. பியானோ குரல், மிதித்திருந்தாலும் மெல்ல மெல்லத் தேயும். ஆர்கன் குரலோ காலை எடுக்கும்வரை குறையாது ஒலிக்கும். ஆதலின் ஆர்கன் குரலில் மிதியைத் தொடாதிருப்பதே நலம். தேவாரம் வாசிக்கும்போதும் அவ்வாறே. மிதியை அழுத்தியபடி வாசித்தால் முன்சுரம் பின்சுரத்தோடு மோதிப் பண்ணின் உருவமே சிதைந்துவிடும்.

சுரக்கூட்டுகளை வாசிக்கும்போதுதான் மிதி தன் பயனைக் காட்டும். முதற்கூட்டை அழுத்திய பின்னர் மிதிக்க வேண்டும். அடுத்த கூட்டின்மேல் விரல்கள் இறங்கும் அதே நொடியில் காலை எடுத்து, உடனே மீண்டும் மிதிக்க வேண்டும். விரல் இறங்கக் கால் எழும். கால் இறங்க ஓசை நீளும். முதலில் இரண்டே கூட்டுகளை வைத்து, தாளத்தை மெதுவாக எண்ணிப் பழகுக. குதிகாலைத் தரையிலேயே ஊன்றிக்கொண்டு முன்பாதத்தால் மட்டும் மிதித்தால் ஓசையின்றி இயங்கலாம். கால் தரையில் எட்டாத முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மிதியைக் கழற்றிவிடுக. கழற்றுமுன் கருவியை அணைத்துவிடுக.