பழுது நேருமுன் மாற்றுக

காவிரிப் படுகையில் குறுவை அறுவடை புரட்டாசியில் மும்முரமாகும். ஐப்பசியில் அடைமழை தொடங்கிவிடும் என்பதை நேயர்கள் அறிவர். இடைப்பட்ட நாட்களில் சுமைவண்டி வழியில் நின்றால் நெல் நனையும். ஈரப்பதம் 17 விழுக்காட்டைக் கடந்த நெல்லைக் கொள்முதல் நிலையங்கள் பொதுவாக ஏற்பதில்லை.

டீசல் லாரிக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. இறுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெட்ரோலிலோ எரிவாயுவிலோ ஓடும் சுமைவண்டிகளுக்கு மட்டுமே அது உண்டு. ஒவ்வொரு தீப்பொறியும் பிளக்கின் முனையைச் சிறிது அரிக்கிறது. இடைவெளி அகல அகல, அதனைத் தாண்ட மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். வெறும் வண்டியில் இக்குறை தெரியாது. நெல் மூட்டைகளுடன் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதோ, தீப்பொறி தவறி எஞ்சின் திணறும், எரிபொருளும் வீணாகும். எரிவாயு வண்டியில் பிளக் இன்னும் விரைவில் தேயும்.

ஆதலின், தயாரிப்பாளர் குறித்த கிலோமீட்டர் அறுவடையின் நடுவே நிறைவுறுமாயின், ஆவணியிலேயே எல்லாப் பிளக்குகளையும் ஒருசேர மாற்றிவிடுக. எஞ்சின் ஆறிய பின்னரே கழற்றுக. முதலில் சுற்றியுள்ள புழுதியை ஊதி அகற்றுக. புதியதைக் கையால் திருகிப் பொருத்திய பின்னரே கருவியால் இறுக்குக.

தண்ணீர் வருமுன் வாய்க்காலைத் தூர்வாரும் உழவர்க்கு இம்முறை புதிதன்று.