கேக் பூங்கொத்து: வீட்டிலே செய்து விற்க ஒரு கைப்பணி

கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயப் பங்கிலோ, வெள்ளவத்தை வீதிகளிலோ பிறந்தநாள், முதல் நன்மை, பூப்புனித நீராட்டு விழா என்று ஏதாவது ஒரு கொண்டாட்டம் நடந்துகொண்டே இருக்கிறது. இவற்றுக்குப் பெரிய கேக்குக்குப் பதிலாக, சிறு கேக்குகளின் மேல் ஐசிங்கினால் பூக்கள் அமைத்துப் பூங்கொத்துப் போலக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. காணியை விட்டு வந்து வாடகை அறையில் வாழும் குடும்பங்களும் சிறு முதலுடன் இதனைச் செய்யலாம். ஆனால் முறை தெரியாமல் இறங்கினால் அந்தச் சிறு முதலும் போய்விடும்.

நாம் அறிந்த தாய் ஒருவர் வன்னியில் நெல் விதைத்தவர். கடன் வாங்கிச் செய்த முதலாவது பூங்கொத்தை நண்பகலில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு முச்சக்கர வண்டியில் கொண்டுபோனார். பெட்டியைத் திறந்தபோது பூக்கள் எல்லாம் உருகி வழிந்திருந்தன. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் மட்டும் மிஞ்சியது. பட்டர் ஏறக்குறைய 32 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். கொழும்பின் பகல் வெப்பமே 30 பாகையளவில் இருக்கும். ஆகவே எமது முதற்பாடம் வெப்பத்தைப் பற்றியது.

கேக் செய்தல் (12 கேக்குகளுக்கு)

மாஜரின் 125 கிராம், சீனி 125 கிராம், கோதுமை மா 125 கிராம், முட்டை 2, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, பால் 2 மேசைக்கரண்டி, வனிலா சிறிதளவு. மாவையும் பேக்கிங் பவுடரையும் சேர்த்து இருமுறை அரியுங்கள். மாஜரினையும் சீனியையும் வெளிறும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பின் மாவையும் பாலையும் மெதுவாகக் கலவுங்கள். மா சேர்ந்தபின் அதிகம் அடித்தால் கேக் இறுகிவிடும். கடதாசிக் கிண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றி, 180 பாகையில் 20 நிமிடம் வேகவையுங்கள். ஈர்க்கு ஒன்றால் குத்தினால் மாவு ஒட்டாமல் வரவேண்டும்.

வெதுப்பி இல்லாதோர், கனமான பானையில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மூடிச் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கி வைத்து அதன்மேல் தட்டை வைக்கலாம். நேரம் சற்றுக் கூடும்.

ஐசிங்

பட்டர் 125 கிராம், கடையில் ஷோர்ட்னிங் என்று கேட்டு வாங்கும் வெள்ளைக் கொழுப்பு 125 கிராம், அரித்த ஐசிங் சீனி 500 கிராம். வெள்ளைக் கொழுப்பு இலகுவில் உருகாது. பூவின் வடிவம் நிலைக்க அதுவே உதவும். கேக் முற்றாக ஆறிய பின்னரே பூ இடவேண்டும். நட்சத்திர வாயுள்ள நொசிலைக் கேக்கின் நடுவில் வைத்து, வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் ரோசாப்பூ அமையும். இலைக்கு, எண்ணெய்க் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி நுனியை அம்புமுனைபோல வெட்டினால் போதும். வேலையைக் காலை வெயிலுக்கு முன் செய்யுங்கள்.

கட்டுதல்

தேநீர் குடிக்கும் கடதாசிக் கோப்பைகள் ஏழு எடுங்கள். ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிவர ஆறை அணைத்து ஸ்டேப்ளரால் பிணையுங்கள். ஒரே அளவான வட்டம் ஒன்றைச் சுற்றி ஆறு சரியாகப் பொருந்தும். கோப்பையின் அடி ஒடுங்கியிருப்பதால் ஓரத்துக் கோப்பைகள் வெளியே சாய்ந்து, பூங்கொத்தின் குவிந்த வடிவம் தானாகவே வரும். இதை ஒரு பூச்சாடியில் இறுக்கமாக இருத்தி, ஒவ்வொரு கோப்பையிலும் சிறிது ஐசிங் தடவிக் கேக்கை அமர்த்துங்கள். இடைவெளிகளில் பச்சை ரிஷூக் கடதாசி செருகுங்கள். பற்குச்சி குத்துவோரும் உண்டு. சிறுவர் உண்ணும் பண்டத்தில் அது ஆபத்து. கம்பி, ஸ்டேப்ளர் ஊசி எதுவும் கேக்கைத் தொடலாகாது. கொண்டுசெல்லுமுன் ஒரு மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்து, மாலையிலோ காலையிலோ கொடுங்கள்.

கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். வயலில் அப்படிப் பொறுத்துக்கொண்டோம். இத்தொழிலில் கணக்குப் பாராவிட்டால்தான் ஒன்றும் மிஞ்சாது. உதாரணமாக, பொருட்களுக்கு 1,000 ரூபா, எரிவாயு, பெட்டி, பஸ் செலவுக்கு 400 ரூபா, பழுதாகும் கேக்குகளுக்கு 100 ரூபா என்றால், 1,500 ரூபாவுக்கு விற்றவர் தமது மூன்று மணித்தியால உழைப்பை இலவசமாகக் கொடுத்தவராவார். அந்தக் கூலியையும் சேர்த்தே விலை சொல்லுங்கள்.

2022இல் எரிவாயுவும் கோதுமை மாவும் தட்டுப்பாடாகி விலை பலமடங்கு ஏறியது. 2023இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஆகையால் ஒரு மாதத்துக்கு முன் சொன்ன விலையில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பாதிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள். விற்பனை தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் வீட்டில் செய்து விற்பவருக்கும் உரியது.

மேலே சொன்ன தாய் இரண்டாம் முறை கடன் வாங்கவில்லை. அயல்வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஏழு கேக்குகள் மட்டும் செய்து, காலை எட்டு மணிக்கே கொடுத்தார். நீங்களும் முதலாவதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே செய்யுங்கள். ஒரு பகல் முழுவதும் மேசையில் வைத்துப் பாருங்கள். அது உருகாமல் நின்றால் அடுத்ததை விற்கலாம்.